‘20’ என்றால் எவ்வளவு ஆழம்?

18 மி.மீ. பிளைவுட் பலகையின் முகத்தில் இன்னொரு பலகையின் விளிம்பை நிறுத்தி இணைக்க வேண்டும். அலமாரிக்குத் தட்டு வைக்கும் அன்றாட வேலைதான். பிஸ்கட் ஜாய்னரின் ஆழக் குமிழை 20 என்ற எண்ணுக்குத் திருப்பி அழுத்தினால், பிளேடு ஏறக்குறைய 12 மி.மீ. உள்ளே போய் நின்றுவிடும். பலகையின் மறுபக்கத்துக்கு ஆபத்தில்லை. அதே வேலைக்கு, துளையிட்டு மரத் துண்டால் இணைக்கும் டாமினோ இயந்திரத்தை எடுத்து, அதிலும் 20 என்ற எண்ணை வைத்து அழுத்தினால், பிட் முழுதாக 20 மி.மீ. இறங்கும். பலகையின் கனமோ 18 மி.மீ.; மறுபக்கம் ஓட்டை விழும். இரண்டு இயந்திரங்களையும் பிடிக்கும் விதம் ஒன்று, பலகையில் படியவைக்கும் விதம் ஒன்று, அழுத்தும் விதம் ஒன்று. காட்டும் எண்ணும் ஒன்று. எண்ணின் பொருள்தான் வேறு. பாழான பலகையைப் பார்த்ததும் தச்சரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால், எண்ணை அவர் சரியாகத்தான் படித்தார். ஒரே வகை வேலைக்கான கருவிகளில் அளவுகோல் எதை அளக்கிறது என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அது கருவியின் மேலேயே எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவைத்ததன் விலையைத் தொழிலாளிகள் மரத்திலும் நேரத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். பிஸ்கட் இணைப்பு 1950களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டைனர் என்ற தச்சுத் தொழில் வல்லுநர் கண்டுபிடித்தது. அழுத்திச் செய்த பீச் மரத் துண்டு ஒன்றைப் பசை தடவி, இரண்டு பலகைகளிலும் வெட்டிய பிறை வடிவக் காடிக்குள் செருகினால், அது பசையின் ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும். அவருடைய லாமெல்லோ நிறுவனம் இந்தத் துண்டுகளுக்கு 0, 10, 20 என்று பெயரிட்டது. 0 என்பது 47 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் கொண்டது, 10 என்பது 53-க்கு 19, 20 என்பது 56-க்கு 23. மூன்றுக்கும் கனம் 4 மி.மீ. ஆக, 20 என்ற எண் அந்தத் துண்டின் நீளத்தையும் குறிக்கவில்லை, அகலத்தையும் கனத்தையும் குறிக்கவில்லை. அது வெறும் சரக்குப் பட்டியல் எண். பிறகு வந்த நிறுவனங்கள் அந்தப் பெயர்களை அப்படியே தங்கள் ஆழக் குமிழில் பொறித்தன. மகிட்டா இயந்திரத்தில் 0 என்றால் 8 மி.மீ. ஆழம், 10 என்றால் 10 மி.மீ., 20 என்றால் 12.3 மி.மீ. ஒரே ஓர் இடத்தில் பெயரும் ஆழமும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. அதனாலேயே மற்ற இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்பத் தோன்றுகிறது. போதாததற்கு எஸ், டி என்ற எழுத்துகளும் அதே குமிழில் உண்டு. அவை லாமெல்லோவின் சிம்ப்ளெக்ஸ், டூப்ளெக்ஸ் ஆகிய இணைப்புப் பொருள்களின் முதலெழுத்துகள். அவற்றை வாழ்நாளில் பார்த்தேயிராத தச்சருக்கு அந்த எழுத்துகள் எதையும் சொல்வதில்லை.

ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் கொண்டுவந்த டாமினோ இதற்கு நேர்மாறான வழியில் போனது. அதன் டிஎஃப் 500 இயந்திரத்தில் ஆழத்துக்கு 12, 15, 20, 25, 28 என்று ஐந்து நிலைகள் உண்டு. அத்தனையும் உண்மையான மில்லிமீட்டர். இந்த ஐந்து எண்களில் ஒரு கணக்கு இருக்கிறது. 40 மி.மீ. நீளமுள்ள டாமினோ துண்டை இரண்டு பலகைகளிலும் 20, 20 என்று பாதிப் பாதியாக இறக்கலாம். ஒரு பலகை மெலிந்தது என்றால் அதில் 15, மற்றதில் 25. இன்னும் மெலிந்தது என்றால் 12-ம் 28-ம். எப்படிக் கூட்டினாலும் 40. முதலில் சொன்ன 18 மி.மீ. பிளைவுட்டில் முகத்தில் 12, விளிம்பில் 28 என்று வைத்தால் ஓட்டை விழாது. துண்டும் முழுமையாக உட்காரும். அளவுகோல் உண்மையான அளவைச் சொல்லும்போது தொழிலாளி மனக்கணக்காகவே முடிவெடுக்க முடிகிறது. பட்டியல் எண்ணை வைத்துக்கொண்டு இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வழியில்லை. மனப்பாடம் செய்துகொள்ளத்தான் முடியும். ஒரு நிறுவனத்தை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆழத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் அதே டாமினோ, உயரத்தில் தானும் தடுமாறுகிறது.

பலகையின் மேல்முகத்தில் படியும் தகட்டை ஃபென்ஸ் என்பார்கள். அதிலிருந்து எவ்வளவு கீழே துளை விழ வேண்டும் என்பதை அமைக்க டிஎஃப் 500-ல் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 16, 20, 22, 25, 28, 36, 40 என்று படிப்படியாக அமைந்த ஒரு தடுப்பு. இந்த எண்கள் பலகையின் கனம். பிட் அதில் பாதி உயரத்தில் தானாக வந்து நிற்கும். இரண்டாவது, பக்கத்திலேயே இருக்கும் கோடிட்ட அளவுகோல். அது பலகையின் முகத்திலிருந்து துளையின் மையம் வரை உள்ள தூரத்தைக் காட்டும். ஆக, ஒரே இயந்திரத்தில், விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு 20-களில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. 40 மி.மீ. சட்டத்தின் நடுவில் துளை வேண்டும் என்று நினைப்பவர் கோடிட்ட அளவுகோலில் 20 வைத்தால் சரியாக வரும்; படித் தடுப்பில் 20 வைத்தால் துளை 10 மி.மீ. உயரத்தில் விழும். இந்தத் தவறு வெட்டும்போது கண்ணில் படாது. பலகை உடையாது, ஓட்டை தெரியாது. ஒரு துண்டை ஒரு கோலிலும் மற்றதை இன்னொன்றிலும் அமைத்து வெட்டியிருந்தால், பசை தடவி இணைக்கும் நேரத்தில்தான் இரண்டு துண்டுகளும் 10 மி.மீ. ஏறி இறங்கி நிற்பது தெரியும். உடனே கண்ணில் படும் தவற்றில் ஒரு பலகைதான் போகும். இப்படி ஒளிந்திருக்கும் தவறு, அடுக்கி வைத்த அத்தனை பலகைகளிலும் வெட்டி முடித்த பிறகே வெளிவரும்.

கோணத்திலும் இதே கதைதான். மைட்டர் ரம்பத்தில் நேர்வெட்டுக்கு 0 என்று பெயர். சாய்வு கூடக் கூட எண் ஏறும். டாமினோவின் ஃபென்ஸில் நேர்நிலைக்கு 90 என்று பெயர். சாய்க்கச் சாய்க்க எண் இறங்கும். எட்டு மூலைச் சட்டம் செய்பவர் ரம்பத்தை 22.5 பாகைக்கு வைத்து வெட்டுகிறார். அதே சாய்ந்த விளிம்பில் செங்குத்தாகத் துளையிட ஃபென்ஸை 67.5-க்கு வைக்க வேண்டும். 22.5, 67.5 இரண்டுக்கும் ஃபென்ஸில் தனித்தனியாக நிறுத்தம் இருப்பதால், தவறான எண்ணிலும் அது ‘டக்’கென்று பொருந்தி உட்காரும், சரியாக வைத்துவிட்ட நிம்மதியையும் தரும். நாற்கோணப் பெட்டிக்கான 45 பாகையில் மட்டும் இரண்டு கோல்களும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. பழகுபவர்கள் பெரும்பாலும் 45 பாகையிலேயே பழகுவதால், இரண்டு கோல்களும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பது நெடுநாள் வரை தெரிவதேயில்லை.

இணைப்பு வேலைக்கும் விளிம்பு வேலைக்கும் பயன்படும் ரவுட்டரை எடுத்துக்கொண்டால் பிரச்சினை பாதுகாப்பைத் தொடுகிறது. மகிட்டாவின் ஆர்டி0700சி என்ற சிறிய ரவுட்டரின் வேகக் குமிழில் 1 முதல் 6 வரை எண்கள். அதில் 6 என்றால் நிமிடத்துக்கு 30,000 சுற்று. அதே நிறுவனத்தின் பெரிய ரவுட்டரான ஆர்பி2301எஃப்சி-யிலும் 1 முதல் 6 வரைதான். அங்கே 6 என்றால் 22,000 சுற்று. 50 மி.மீ. விட்டமுள்ள பெரிய பிட்டை 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் வெளி விளிம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 58 மீட்டர். மணிக்கு 200 கி.மீ.-க்கு மேல். அதனால்தான் பெரிய பிட்டுகளை மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்கிறார்கள். பிட்டுகளின் மேலேயே உச்ச வேகத்தைச் சுற்றுக் கணக்கில் பொறிப்பதும் வழக்கம். பிட் சுற்றுக் கணக்கில் பேசுகிறது, இயந்திரம் ஒன்று இரண்டு என்று எண்ணுகிறது. இரண்டையும் இணைக்கும் அட்டவணை கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் கிடக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் அந்தக் கையேடு எத்தனை நாள் இருக்கும்?

தமிழ்நாட்டுத் தச்சர்களுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது. ஆனாலும் பட்டறையில் அடியும் அங்குலமும் நூலும் இன்றும் புழங்குகின்றன. எட்டு நூல் ஓர் அங்குலம். பிளைவுட்டை எட்டுக்கு நாலு அடி என்று நீள அகலம் சொல்லி, கனத்தை மட்டும் மில்லிமீட்டரில் வாங்குகிறோம். ‘முக்கால் இஞ்ச்’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 18 மி.மீ. பலகை, கணக்குப்படி ஆறு நூல் என்பது 19.05 மி.மீ. இப்படி ஏற்கெனவே இரண்டு முறைகளுக்கு நடுவே மனத்துக்குள் மாற்றிக்கொண்டே வேலை செய்பவரின் கையில்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எண்ணும் இயந்திரங்களைக் கொடுக்கிறோம். கையேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாடுலர் கிச்சன், அலமாரி வேலைகளில் ஒரே தளத்தில் பல பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். இயந்திரங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் அமைத்து வைத்த அளவை இன்னொருவர் படித்து வேலையைத் தொடர வேண்டிய இடத்தில், எண்ணுக்கு ஒரே பொருள் இருந்தாக வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு அனுபவசாலிகளுடையது. நல்ல தச்சன் அளவுகோலை நம்பமாட்டான். கழிவுத் துண்டில் ஒரு தடவை வெட்டிப் பார்த்து, அளந்து, பிறகுதான் நல்ல மரத்தில் கை வைப்பான் என்பார்கள். மிகச் சரியான பழக்கம். அதை யாரும் கைவிடத் தேவையில்லை. ஆனால், சோதனை வெட்டு எதற்காக? பிட் தேய்ந்திருக்கிறதா, பலகை சொன்ன கனத்தில் இருக்கிறதா, தடுப்பு நழுவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அரை மில்லிமீட்டர் பிசகைப் பிடிப்பது அதன் வேலை. அளவுகோல் எந்த மொழியில் பேசுகிறது என்று கண்டுபிடிப்பதையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. மேலும், நம்பக்கூடாது என்றால் அளவுகோலைப் பொறிப்பானேன்? அதற்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்து வாங்குகிறோம்? முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் எந்தக் குழப்பத்தையும் சமாளித்துவிடுவார். கருவியின் தரத்தை அவரை வைத்து எடைபோடக் கூடாது. ஐடிஐ-யில் தச்சுப் பிரிவை முடித்துவிட்டு முதல் வேலைக்கு வரும் இளைஞர் அதை எத்தனை விரைவில் பிழையில்லாமல் கையாள்கிறார் என்பதே சரியான அளவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது, கனமானது. இரண்டு பலகைகளுக்கும் வெளிமுகத்திலேயே ஃபென்ஸை வைத்து, அமைப்பை மாற்றாமல் வெட்டினால், எண் எதுவாக இருந்தாலும் இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வந்துவிடும். மையம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் இணைப்பு சமமாக அமையும் என்கிறார்கள். உண்மைதான். சம கனமுள்ள இரண்டு பலகைகளை மட்டும் இணைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது. மேசையை எடுத்துக்கொள்வோம். காலின் முகத்திலிருந்து 5 மி.மீ. உள்வாங்கி 22 மி.மீ. சட்டம் நிற்க வேண்டும். சட்டத்தில் துளையின் மையம் 11 மி.மீ. என்றால், காலில் அது 16 மி.மீ. மையத்தைக் காட்டும் அளவுகோலில் 11, 16 என்று இரண்டு தடவை வைத்தால் வேலை முடிந்தது. கனத்தைக் காட்டும் அளவுகோலில் 22, 32 என்று இரட்டித்துக்கொள்ள வேண்டும். உள்வாங்கல் 5 என்பது அங்கே 10 ஆகிவிடும். படித் தடுப்பில் 32 என்ற நிலையே கிடையாது. ஃபென்ஸை மடக்கிவிட்டு இயந்திரத்தின் அடித்தளத்தையே ஆதாரமாக வைத்துப் பலகையின் நடுவில் தட்டு பொருத்தும்போதும் இப்படித்தான். டிஎஃப் 500-ல் அடித்தளத்திலிருந்து பிட்டின் மையம் 10 மி.மீ. இந்த எண் தெரியாமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது. எளிய வேலையில் அளவுகோல் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் வேலைகளில்தான் அது குழப்புகிறது.

மூன்றாவது மறுப்பு நிறுவனங்களுடையது: எல்லாவற்றையும் பொதுவாக்கினால் புதுமை செத்துவிடும். தொழில்வரலாறு இதற்கு மாறாகப் பேசுகிறது. பிரிட்டனில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி திருகு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-ல் ஜோசப் விட்வொர்த் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார். அதனால் இயந்திரத் தொழில் சுருங்கிவிடவில்லை. நம் சமையலறை அலமாரிக் கதவுகளையே பார்க்கலாம். கீல் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை; தட்டு ஊசிகளுக்கு 32 மி.மீ. இடைவெளியில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. துளைகள். ப்ளூம், ஹெட்டிச் நிறுவனங்கள் இந்த அளவுகளைப் பகிர்ந்துகொண்டுதான், மெதுவாக மூடும் கீல், தள்ளினால் திறக்கும் இழுப்பறை என்று போட்டி போடுகின்றன. டாமினோ டிஎஃப் 700, 70 மி.மீ. ஆழம் வரை இறங்கும் பெரிய இயந்திரம். சிறிய டிஎஃப் 500-ன் பிட் அதில் பொருந்தாது. விசை கூடும்போது தண்டு தடிப்பாக இருக்க வேண்டும் என்ற காரணம் அதற்கு உண்டு. இதுபோன்ற வேறுபாடுகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 20 என்ற எண் ஒன்றில் கனமாகவும் இன்னொன்றில் மையமாகவும் மற்றொன்றில் பட்டியல் எண்ணாகவும் இருப்பதற்குப் பொறியியல் காரணம் எதுவுமில்லை. பழக்கம் மட்டுமே காரணம்.

நான்காவது மறுப்பைப் புறந்தள்ள முடியாது. லட்சக்கணக்கானோர் பழைய எண்களுக்குப் பழகிவிட்டார்கள். இப்போது மாற்றினால் புதிய குழப்பம் வராதா? எண்களை ஒரே இரவில் மாற்றினால் நிச்சயம் வரும். மாற்றத்துக்கு நல்ல வழியை இதே துறை காட்டியிருக்கிறது. உப்புத்தாளில் அமெரிக்க வரிசையும் ஐரோப்பிய வரிசையும் ஒரே எண்களை வேறு வேறு நயத்துக்குப் பயன்படுத்தின. அமெரிக்க 400-ன் துகள் சுமார் 23 மைக்ரான். ஐரோப்பிய 400-ன் துகள் 35 மைக்ரான். ஐரோப்பிய எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்ற ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். பி400 என்று பார்த்ததும் எந்த வரிசை என்று தெரிந்துவிடுகிறது. பழைய எண் எதையும் அழிக்கவில்லை. இணைப்புக் கருவிகளுக்கும் இதே போதும். கனத்தைக் காட்டும் கோலுக்குப் பலகையின் இரு முகங்களையும் தொடும் அம்புக்குறி. மையத்தைக் காட்டும் கோலுக்கு ஒரு முகத்திலிருந்து நடுக்கோடு வரை போகும் அம்புக்குறி. பிஸ்கட் குமிழில் 20-க்குப் பக்கத்தில் ‘12.3 மி.மீ.’ என்று சின்ன எழுத்து. வேகக் குமிழில் 6-க்குப் பக்கத்தில் சுற்றுக் கணக்கு. ஃபென்ஸில் நேர்நிலை எது என்று ஒரு குறி. ஏற்கெனவே விற்ற இயந்திரங்களுக்கு ஓர் ஒட்டுத்தாள் போதும். புதிய இயந்திரங்களில் இவற்றை அச்சிட ஆகும் செலவு, பாழாகும் ஒரு பிளைவுட் பலகையின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

கையேட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. நில அளவுகோலின் நீளத்தைத் தமிழகத்துக் கோயில் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவு யாருடைய பெட்டிக்குள்ளும் இல்லை. பொது அளவுக்கு அடிப்படைத் தகுதி, அது பயன்படும் இடத்தில் எல்லார் கண்ணிலும் படுவதுதான். மின்கருவியின் பெயர்ப்பலகையில் மின்னழுத்தமும் சுழற்சி வேகமும் இருந்தாக வேண்டும் என்று தர விதிகள் கேட்கின்றன. அந்தக் கோரிக்கையை இன்னும் ஒரு படி நீட்டி, கருவியின் மேல் இருக்கும் ஒவ்வொரு அளவுகோலும் எதை, எங்கிருந்து, எந்த அலகில் அளக்கிறது என்பதையும் பொறிக்கச் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதைக் கையில் எடுக்கலாம். அதுவரை வாங்குபவர்கள் கடையிலேயே கேட்கத் தொடங்கலாம்: இந்த எண் கனமா, மையமா, பட்டியல் எண்ணா? பயிற்சி நிலையங்கள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் அட்டவணை எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடலாம். பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்: சட்டம் வரும்வரை காத்திருக்காமல், உங்கள் பிஸ்கட் ஜாய்னரின் 20-க்குப் பக்கத்தில் இன்றே அதன் உண்மையான ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள்.